குளிர் காத்த காடு: பைன் வனங்களும் வெப்பமாகும் உலகும்

முன்னுரை

தமிழ் இலக்கியம் பயில வரும் மாணவர் முதலாம் ஆண்டிலேயே அறிந்துகொள்ளும் பாகுபாடு முதல், கரு, உரி என்பதாகும். நிலமும் பொழுதும் முதற்பொருள். அவற்றைச் சார்ந்து தோன்றும் மரமும் பறவையும் விலங்கும் உணவும் தொழிலும் கருப்பொருள். அந்நிலத்து மாந்தரின் ஒழுக்கம் உரிப்பொருள். தொல்காப்பியர் நிலத்தை மட்டும் முதலாகக் கொள்ளவில்லை. பொழுதையும் அதனோடு இணையாக வைத்தார். வகுப்பறையில் இதனை நாம் விரைந்து கடந்துவிடுகிறோம். நிலம் அவ்வாறே இருக்க, பொழுது மட்டும் மாறினால் கருப்பொருள் என்னவாகும் என்னும் வினாவை எந்தத் தேர்விலும் எவரும் கேட்பதில்லை.

கனடா நாட்டின் மேற்குப் பகுதியிலுள்ள பைன் காடுகளில் அவ்வினாவை இயற்கையே எழுப்பியது. அங்கு மலைகள் இடம்பெயரவில்லை, ஆறுகள் திசை மாறவில்லை, மண்ணும் மாறவில்லை. குளிர்காலம் மட்டும் தன் கடுமையிற் சிறிது குறைந்தது. அச்சிறு மாற்றத்தால் ஓர் அரிசிமணி அளவேயுள்ள வண்டு, நம் தமிழ்நாட்டைவிடப் பரந்த நிலப்பரப்பிலுள்ள காடுகளைத் தாக்கியது. இஃது எவ்வாறு நிகழ்ந்தது, இதிற் காலநிலையின் பங்கு எவ்வளவு, மனிதனின் பங்கு எவ்வளவு என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பைன் மரத்தின் இயல்பு

நம்மவருட் பலர் பைன் மரத்தைக் கொடைக்கானலிலோ உதகையிலோ சுற்றுலாச் சென்றபோது கண்டிருப்பர். அவை பிற நாடுகளிலிருந்து கொணர்ந்து நட்டு வளர்க்கப்பெற்றவை. பைன் இயல்பாகத் தோன்றிக் காடாகப் பரந்த நிலங்கள் பெரும்பாலும் பூமியின் வடபாதியிலேயே உள்ளன. நூற்றுக்கும் மேற்பட்ட இனங்களைக் கொண்ட அக்குடும்பத்தில், நாம் இங்கு முதன்மையாகக் காணவிருப்பது ‘லாட்ஜ்போல் பைன்’ என்பதாகும். லாட்ஜ் என்பது குடில். போல் என்பது கழி. வட அமெரிக்கப் பழங்குடி மக்கள் தம் கூடாரங்களைத் தாங்கும் கழிகளாக இம்மரத்தின் நேரான, மெல்லிய தண்டுகளைப் பயன்படுத்தியமையால் இப்பெயர் வந்தது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தின் உள்நாட்டுப் பீடபூமியில் இம்மரமே பெருங்காடாக நிற்கிறது.

இம்மரத்திற்கு இரண்டு சிறப்பியல்புகள் உண்டு. ஒன்று, அதன் பிசின். பட்டையில் எங்கேனும் துளை விழுந்தால் மரம் அவ்விடத்தே பிசினைச் சுரந்து துளையை அடைக்கும். துளையிட்ட பூச்சியையும் வெளியே தள்ளும் அல்லது பிசினுள்ளேயே மூழ்கடிக்கும். மரத்திற்கு வாளும் கேடயமும் இப்பிசினேயாகும்.

மற்றொன்று, அதன் விதைக்கூம்பு. பல மரங்களில் இக்கூம்புகள் முற்றிய பின்னும் திறப்பதில்லை. செதில்கள் பிசினால் முத்திரையிடப்பட்டு ஆண்டுக்கணக்கில் கிளையிலேயே தங்கியிருக்கும். காட்டுத்தீ வரும்போது அவ்வெப்பத்தால் பிசின் உருகி, கூம்பு விரிந்து, சாம்பல் படிந்த வெற்று நிலத்தில் விதைகள் சொரியும். தாய்மரம் எரிந்து மடியும் நாளே பிள்ளை மரங்களின் பிறந்தநாளாகும். ஆகவே இக்காட்டிற்குத் தீ முழுமையான பகையன்று. நூறு ஆண்டுகளுக்கோ இருநூறு ஆண்டுகளுக்கோ ஒருமுறை வந்து காட்டைப் புதுப்பித்துச் செல்லும் ஒரு முறைமை அது.

வண்டும் மரமும்

இக்காட்டில் வாழும் உயிர்களுள் ‘மலைப் பைன் வண்டு’ என்பதும் ஒன்று. கருநிறம், நீளம் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர். இது வேற்று நாட்டிலிருந்து வந்த பூச்சியன்று. பன்னெடுங்காலமாக அக்காட்டிலேயே பைன் மரத்தோடு வாழ்ந்துவருவது. சாதாரண ஆண்டுகளில் நோயுற்ற, முதிர்ந்த, இடிவிழுந்து நலிந்த மரங்களையே இது நாடும். அவ்வகையில் காட்டைச் சீர்செய்யும் பணியாளன் என்றும் இதனைக் கூறலாம்.

கோடையில் பெண் வண்டு ஒரு மரத்தைத் தேர்ந்து பட்டையைத் துளைக்கத் தொடங்கும். மரம் பிசினால் எதிர்க்கும். ஒரு வண்டு தனித்து வந்தால் வெற்றி மரத்திற்கே. ஆனால் இவ்வண்டு வியப்பூட்டும் ஓர் ஆற்றலைப் பெற்றுள்ளது. மரத்தின் பிசினிலுள்ள வேதிப்பொருளையே தன் உடலில் மாற்றியமைத்து ஒரு மணமாக வெளியிடுகிறது. அம்மணம் பிற வண்டுகளுக்கு அழைப்பாகிறது. நூற்றுக்கணக்கில் அவை வந்து ஒரே மரத்தை ஒருசேரத் துளைக்கின்றன. பிசின் பகிர்ந்து பகிர்ந்து தீர்ந்துபோகிறது; மரத்தின் எதிர்ப்பு ஓய்கிறது. மரம் நிறைந்தவுடன் வேறொரு மணம் எழுகிறது. ‘இங்கு இடமில்லை, அடுத்த மரத்திற்குச் செல்க’ என்பது அதன் பொருள். கோட்டையை முற்றுகையிடும் படைக்கும் இத்துணை ஒழுங்கு வாய்ப்பதரிது.

உள்ளே புகுந்த வண்டு, உள்பட்டையில் செங்குத்தாக ஒரு சுரங்கம் அமைத்து இரு பக்கங்களிலும் முட்டையிடும். முட்டையிலிருந்து வரும் புழுக்கள், இலைகள் ஆக்கிய உணவு வேருக்கு இறங்கிச் செல்லும் அவ்வுள்பட்டையையே தின்று வளரும். வண்டு தன் வாயுறுப்பிலுள்ள நுண்ணிய பைகளில் ஒருவகைப் பூஞ்சையையும் சுமந்து வருகிறது. அப்பூஞ்சை மரத்தின் கட்டைப் பகுதியில் பரவி, வேரிலிருந்து நீர் ஏறும் வழியை அடைக்கிறது. மேலிருந்து இறங்கும் உணவும் தடைப்பட்டு, கீழிருந்து ஏறும் நீரும் தடைப்பட்ட மரம் ஓராண்டில் மடிகிறது. அடுத்த கோடையில் ஊசியிலைகள் செந்நிறமாகும். பின்னும் இரண்டு மூன்று ஆண்டுகளில் அவை உதிர்ந்து மரம் சாம்பல் நிறத்தில் வெற்றுக்கழியாக நிற்கும். பூஞ்சை பரவிய கட்டையில் நீலக்கறை படிந்திருக்கும்.

குளிர் என்னும் காவல்

இத்துணை ஆற்றல் வாய்ந்த வண்டு காட்டை என்றோ அழித்திருக்க வேண்டுமே, ஏன் அழிக்கவில்லை என்று கேட்கத் தோன்றும். இதற்கு விடை குளிர்காலம் என்பதேயாகும்.

புழுக்கள் குளிர்காலம் முழுவதும் பட்டையின் அடியிலேயே தங்குகின்றன. இலையுதிர்காலத்தில் தட்பம் மெல்ல மெல்ல ஏறும்போது அவை தம் உடலில் கிளிசரால் என்னும் பொருளைச் சேர்த்துக்கொள்கின்றன. குளிர்நாடுகளில் மோட்டார் வண்டியின் நீர் உறையாதிருக்க ஒரு திரவத்தைக் கலப்பார்கள், அதுபோன்றதே இது. நன்கு ஆயத்தமான புழு, நடுக்குளிர்காலத்தில் சுழியத்துக்குக் கீழ் 35 பாகை செல்சியஸ் வரையிற்கூடத் தாங்கவல்லது. ஆயின் சுழியத்துக்குக் கீழ் 40 பாகையை ஒட்டிய குளிர் சில நாள்கள் நீடித்தால் அவற்றுட் பெரும்பகுதி மடிந்துவிடும். ஆயத்தம் முடியுமுன் அக்டோபர், நவம்பர் மாதங்களில் திடீரெனக் கடுங்குளிர் வந்தால், அதனினும் குறைந்த குளிரிலேயே அவை சாகும்.

இது வெறும் கோட்பாடன்று. பிரிட்டிஷ் கொலம்பியாவின் சில்கோட்டின் பீடபூமியில் 1970களின் பிற்பகுதியில் தொடங்கிய ஒரு பெரும் வண்டுப்பெருக்கம், 1984, 1985 ஆகிய ஆண்டுகளின் இலையுதிர்கால இறுதியில் வந்த கடுங்குளிரால் அடங்கிற்று. மரத்தை வெட்டியவரும் மருந்து தெளித்தவரும் செய்ய முடியாத பணியைச் சில இரவுகளின் குளிர் செய்து முடித்தது. கண்ணுக்குத் தெரியாத இக்காவலன் ஆண்டுதோறும் வரவேண்டும் என்பதில்லை. ஐந்தாறு ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்தாலும் போதும். வண்டின் தொகை கட்டுக்குள் நிற்கும்.

அக்காவலன் வராமற் போனதே இக்கதையின் திருப்பமாகும். கனடாவின் சராசரி வெப்பநிலை 1948 முதல் 2016 வரையிலான காலத்தில் 1.7 பாகை உயர்ந்ததாக 2019இல் வெளிவந்த அந்நாட்டு அரசின் அறிக்கை கூறுகிறது. ஆனால் அவ்வுயர்வு எல்லாப் பருவங்களிலும் சமமாக நிகழவில்லை. குளிர்கால வெப்பநிலை மட்டும் 3.3 பாகை உயர்ந்தது. நிலக்கரியும் பெட்ரோலியமும் எரிவதால் வளிமண்டலத்திற் சேரும் கரியமில வாயு, பூமியிலிருந்து வெளியேறும் வெப்பத்தைத் தடுத்து நிறுத்துகிறது. அதன் விளைவு வடநாடுகளில் கோடையைவிடக் குளிர்காலத்தில் மிகுதியாகக் காணப்படுகிறது.

ஒன்றிரண்டு பாகை வெப்பம் கூடினால் என்ன குறைந்துவிடும் என்று கேட்பவர் உண்டு. சராசரி என்பது ஒரு கணக்கு. உயிர்கள் சராசரியில் வாழ்வதில்லை. அவை எல்லைகளில் வாழ்கின்றன, எல்லைகளில் மடிகின்றன. சுழியத்துக்குக் கீழ் 40 பாகை என்பது வண்டின் எல்லைக்கோடு. சராசரி மூன்று பாகை உயரும்போது, அவ்வெல்லையைத் தொடும் இரவுகள் அரிதாகி, பின்னர் இல்லாமலே போகின்றன. வெப்பமானியில் மூன்று கோடுகளே ஏறின. காட்டின் காவல் முழுவதுமே நீங்கிவிட்டது.

மனிதனின் பங்கு

1990களில் வண்டுகள் பெருகத் தொடங்கியபோது அவற்றிற்கு இன்னொரு வாய்ப்பும் காத்திருந்தது. வண்டிற்கு இளமரம் உகந்ததன்று. பட்டை தடித்த, எண்பது ஆண்டு கடந்த மரமே நல்விருந்து. இயல்பான காட்டில் அங்கங்கே தீ வந்து போவதால், இளமரத் திட்டுகளும் முதுமரத் திட்டுகளும் கலந்து நிற்கும். ஒரு திட்டிலிருந்து வண்டு அடுத்த திட்டிற்குச் செல்ல இளமரங்கள் வேலியாக நிற்கும்.

அந்நாட்டுப் பழங்குடி மக்கள் சிறு சிறு தீயைத் தாமே மூட்டி, காட்டைத் திட்டுத்திட்டாகப் புதுப்பித்து வந்தனர். கிழங்கும் பழமும் விளையவும், மானினம் மேயவும் அஃது உதவியது. குடியேறிய ஐரோப்பியர் இதனை அறியாமை என்று கருதினர். 1874இலேயே அம்மாநிலத்தில் இதற்கெதிராகச் சட்டம் எழுந்தது. இருபதாம் நூற்றாண்டில் வானூர்திகளும் தீயணைப்புப் படைகளும் வந்த பின்னர் ஒவ்வொரு தீயும் உடனுக்குடன் அணைக்கப்பட்டது. காட்டைக் காப்பதாகவே அவர்கள் எண்ணினர், அந்நோக்கத்தில் ஐயமில்லை. ஆனால் அதன் விளைவாகக் காடு முழுவதும் ஒரே முதுமையடைந்தது. வேலியாக நிற்க வேண்டிய இளமரத் திட்டுகள் அருகின. வண்டிற்கு எல்லையற்ற விருந்துமண்டபம் ஆயத்தமாயிற்று.

ஆகவே இப்பேரழிவைக் காலநிலை மாற்றத்தின் கணக்கில் மட்டும் எழுதிவிடுதல் முறையாகாது. தீயைத் தடுத்த கொள்கை விறகை அடுக்கி வைத்தது. காவலை நீக்கிய வெப்பம் அதற்குப் பொறி வைத்தது. கோடை வறட்சியால் நீரின்றித் தளர்ந்த மரங்கள் போதிய பிசினைச் சுரக்க இயலாமற் போனமை மூன்றாவது காரணமாகும்.

அழிவின் அளவு

பெருக்கம் 2005ஆம் ஆண்டையொட்டி உச்சத்தை அடைந்தது. பின்னர் தின்பதற்கு ஏற்ற மரங்கள் தீரவே தானே தணியலாயிற்று. அதற்குள் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஏறத்தாழ 1 கோடியே 80 இலட்சம் ஹெக்டேர் காடு, இடத்துக்கு இடம் அளவு வேறுபட்டாலும், தாக்குதலுக்கு உள்ளாயிற்று. அதாவது 1,80,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பரப்பு ஏறத்தாழ 1,30,000 சதுர கிலோமீட்டர் என்பதை ஒப்பிட்டு நோக்குக. அம்மாநிலத்தில் வாணிகத்திற்குரிய பைன் மரங்களுட் பாதிக்கு மேல் மடிந்தன.

மரம் மடிந்தால் அதனைச் சார்ந்த எல்லாம் ஆட்டங்காணும். பச்சை மேலாப்பு இருந்தபோது பனியின் ஒரு பகுதி இலைகளிலேயே தங்கியது. நிழல், தரைப்பனியை மெல்ல உருகச் செய்தது. இலை உதிர்ந்த காட்டிலோ பனி மிகுதியாகத் தரையிற் படிந்து, வெயில் பட்டு விரைந்து உருகுகிறது. வேர்கள் நீரை உறிஞ்சுவதும் நின்றுவிடவே, நீரோட்டத்தின் அளவும் காலமும் மாறுகின்றன.

மாந்தர் வாழ்வும் மாறியது. அப்பகுதியின் சிறு நகரங்கள் மர அறுவை ஆலைகளை நம்பியவை. மடிந்த மரம் கெடுவதற்குள் அதனை வெட்டி எடுக்க அரசு வெட்டும் அளவை உயர்த்தியது. சில ஆண்டுகள் ஆலைகள் ஓய்வின்றி ஓடின. நீலக்கறை படிந்த பலகை வலிமையிற் குறைந்ததன்று என்பதால் அதற்கும் சந்தை தேடினர். 2010ஆம் ஆண்டு குளிர்கால ஒலிம்பிக் போட்டிகளுக்காக வான்கூவர் அருகே ரிச்மண்டில் எழுந்த பனிச்சறுக்கு அரங்கின் கூரை, வண்டு கொன்ற பைன் பலகைகளால் அமைக்கப்பெற்றது. பின்னர் வெட்டுவதற்கு மரம் குறைந்தது. ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. 2019இல் பல ஊர்களில் தொழிலாளர் வேலையிழந்தனர். கருப்பொருளில் மரம் வீழ்ந்தபோது தொழிலும் உடன் வீழ்ந்தது.

வரவு செலவாக மாறுதல்

வளரும் காடு காற்றிலுள்ள கரியமில வாயுவை உட்கொண்டு கட்டையாகச் சேமிக்கிறது. மடிந்த மரம் மட்கும்போது அச்சேமிப்பைக் காற்றிற்கே திருப்பித் தருகிறது. கனடா வனத்துறையைச் சேர்ந்த வெர்னர் குர்ஸ் என்பவரும் அவர்தம் குழுவினரும் இதனைக் கணக்கிட்டு 2008இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டனர். 2000 முதல் 2020 வரையிலான காலத்தில், ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட நிலப்பரப்பில் வண்டுத் தாக்குதலின் விளைவு 27 கோடி டன் கார்பன் என அவர்கள் மதிப்பிட்டனர். கார்பனைச் சேமித்துவந்த காடு, கார்பனை வெளியிடும் காடாக மாறிவிட்டது என்பதே அவ்வாய்வின் முடிவு.

இதன் உட்பொருளை மாணவர்கள் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். வெப்பம் வண்டைப் பெருக்குகிறது. வண்டு மரத்தைக் கொல்கிறது. மடிந்த மரம் கரியமில வாயுவை வெளியிடுகிறது. அவ்வாயு மேலும் வெப்பத்தைக் கூட்டுகிறது. வட்டிக்கு வட்டி ஏறும் கடனைப் போன்ற சுழற்சி இது. எனினும் நம்பிக்கைக்கும் இடமுண்டு. பெருமரங்களின் அடியில் தப்பி நின்ற இளமரங்கள், ஒளியும் நீரும் கிடைத்தவுடன் விரைந்து வளர்ந்தன. அத்தகைய இளமரங்கள் மிகுந்த இடங்களில் காடு எதிர்பார்த்ததினும் முன்னதாகவே மீளத் தொடங்கிற்று என்பதை நேரில் அளந்த ஆய்வுகள் காட்டின.

மலையைக் கடந்த வண்டு

ராக்கி மலைத்தொடர் இவ்வண்டிற்கு நெடுங்காலம் மதிலாக நின்றது. 2006ஆம் ஆண்டின் கோடையில் பெருந்தொகையான வண்டுகள் காற்றிலேறி அம்மலையைக் கடந்து ஆல்பெர்ட்டா மாநிலத்தில் இறங்கின. அங்கு லாட்ஜ்போல் பைனும் ‘ஜாக் பைன்’ என்னும் வேறோர் இனமும் கலந்து வளர்கின்றன. ஜாக் பைன் மரங்களையும் வண்டு தாக்கியுள்ளது என்பது 2011இல் உறுதிப்பட்டது. ஜாக் பைன் காடு கனடாவின் குறுக்கே கிழக்குக் கடற்கரைப் பகுதி வரை பரந்திருப்பது; இவ்வண்டை முன்பின் அறியாதது. ஆதலின் அறிவியலார் அஞ்சினர்.

அவ்வச்சத்தைத் தற்காலிகமாகத் தணித்ததும் குளிரே. 2019 பிப்ரவரியில் ஆல்பெர்ட்டாவில் கடுங்குளிர் நிலவியது; அடுத்த குளிர்காலத்திலும் அத்தகைய நாள்கள் வந்தன. வண்டின் தொகை பெருமளவு சரிந்தது. காவலன் வந்தால் காடு பிழைக்கும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

மலையுச்சியில் நிகழ்வது வேறு. அமெரிக்க நாட்டின் யெல்லோஸ்டோன் பகுதியிலும் அதற்கு வடக்கேயும் மலையுச்சிகளில் ‘வெண்பட்டைப் பைன்’ வளர்கிறது. அதன் கூம்பு தானாக விரிவதில்லை. ‘கிளார்க் நட்கிராக்கர்’ என்னும் பறவை கூம்பைப் பிளந்து, விதைகளை நாவின் அடியிலுள்ள பையில் நிரப்பிச் சென்று, குளிர்காலத்திற்கென மண்ணிற் புதைத்து வைக்கும். அது மறந்துபோன விதைகளே மரங்களாகின்றன. அணில்கள் சேமித்து வைத்த கூம்புகளைக் கிரிஸ்லி கரடிகள் தோண்டித் தின்று கொழுக்கின்றன. பறவையின் மறதியில் மரமும், அணிலின் சேமிப்பில் கரடியும் வாழும் விந்தையான உறவு இது.

முன்னர் மலையுச்சியின் குளிரால் அங்கு வண்டின் வாழ்க்கைச்சுற்று நிறைவெய்த இரண்டு ஆண்டுகள் வரை ஆயிற்று. பல தலைமுறைகள் இடையிலேயே அழிந்தன. வெப்பம் கூடவே அச்சுற்று ஓராண்டில் முடியலாயிற்று. ஐரோப்பாவிலிருந்து முன்பே வந்து சேர்ந்திருந்த ஒருவகைத் துருநோயும் உடன் தாக்கியது. லாட்ஜ்போல் பைனைப் போல வண்டோடு நெடுநாள் பழகி வலிய தற்காப்பை வளர்த்துக்கொள்ளாத இம்மரம் எளிதில் வீழ்ந்தது. 2012இல் கனடாவும் 2022 டிசம்பரில் அமெரிக்காவும் இவ்வினத்தைச் சட்டப் பாதுகாப்புக்குரிய இனமாக அறிவித்தன. சமவெளி வெப்பமானால் மலைமேல் ஏறலாம். மலையுச்சியே வெப்பமானால் ஏறுவதற்கு இடமேது?

தீயின் கணக்கு பிழைத்தல்

தீ இக்காட்டைப் புதுப்பிக்கும் என முன்னர்க் கண்டோம். 1988இல் யெல்லோஸ்டோன் பூங்காவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், ஏறத்தாழ 3,20,000 ஹெக்டேர், தீக்கிரையானபோது பூங்கா அழிந்தது என்றே பலர் புலம்பினர். ஆனால் சில ஆண்டுகளில் முத்திரை உடைந்த கூம்புகளின் விதைகள் முளைத்துப் பசுங்காடு எழுந்தது.

புதுப்பிக்கும் தீக்கு ஓர் இடைவெளி வேண்டும். எரிந்த இடத்தில் எழுந்த கன்றுகள் வளர்ந்து, கூம்பு தாங்கி, போதிய விதைகளைச் சேமித்த பின்னரே அடுத்த தீ வருதல் வேண்டும். அங்கு முன்னர் நூறு முதல் முந்நூறு ஆண்டுகள் வரை இவ்விடைவெளி இருந்தது. 2016இல் வறண்ட கோடையில் எழுந்த தீ, 1988இலும் 2000இலும் எரிந்து மீண்டிருந்த இளங்காடுகளையே மறுபடி எரித்தது. மோனிகா டர்னர் என்னும் சூழலியலாரும் அவர் குழுவினரும் அவ்விடங்களை ஆராய்ந்து 2019இல் வெளியிட்ட முடிவின்படி, மறுமுளைப்பு முன்னிருந்ததில் ஆறில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. விதைப்பெட்டி நிறையுமுன் வீட்டை எரித்தால் விதைப்பதற்கு என்ன இருக்கும்?

பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2017, 2018, 2021, 2023 ஆகிய ஆண்டுகளில் பெருந்தீ பரவியது. 2023இல் மட்டும் 28 இலட்சம் ஹெக்டேருக்கு மேல் எரிந்தது. வண்டு கொன்ற மரங்களே இதற்குக் காரணம் என எளிதிற் கூறிவிடலாகாது. செந்நிற ஊசிகள் மரத்தில் இருக்கும் காலத்தில் அவை விரைந்து தீப்பற்றும் என்பது உண்மை. ஆயினும் வெப்பமும் வறட்சியும் காற்றுமே எரியும் பரப்பை முதன்மையாக முடிவு செய்கின்றன எனப் பல ஆய்வுகள் கூறுகின்றன.

செய்யத் தக்கன

வண்டு நுழைந்த மரங்களை அவை பறக்குமுன் கண்டறிந்து வெட்டி எரித்தல், தாக்குதல் சிறியதாக இருக்கும்போதுதான் பயன்தரும். எனவே அறிவியலாரின் நோக்கு இன்று நெடுங்காலத் திட்டங்களின்பாற் சென்றுள்ளது. முதலாவது, ஒரே இனம், ஒரே வயது என்று நடாமல் பல இனமும் பல வயதும் கலந்த காட்டை உருவாக்குதல். இரண்டாவது, எவ்வூரில் மரம் நடவேண்டுமோ அவ்வூர் விதையையே நடுதல் என்ற பழைய விதியை மாற்றி, அவ்வூர் வருங்காலத்தில் அடையவிருக்கும் தட்பவெப்பத்தில் இன்று வாழும் மரங்களின் விதையைக் கொணர்ந்து நடுதல். பிரிட்டிஷ் கொலம்பியா 2018 முதல் இம்முறையைத் தன் விதைக் கொள்கையில் ஏற்றுள்ளது. மரம் தானே நடக்க இயலாத தொலைவைக் கடக்க மனிதன் கைகொடுக்கும் முயற்சி இது. மூன்றாவது, பழங்குடியினர் கையாண்ட சிறுதீ முறையை அவர்தம் துணையுடனேயே மீட்டெடுத்தல். அறியாமை என்று ஒரு காலத்தில் தடை செய்யப்பட்ட அறிவு, இன்று கற்றவரால் தேடப்படுகிறது.

இவை அனைத்தும் நோயின் கடுமையைக் குறைக்கும் மருந்துகளே. நோயின் மூலம் வளிமண்டலத்தில் நாள்தோறும் ஏறும் கரியமில வாயுவாகும். அதனைக் குறைக்கும் பொறுப்பு காட்டருகே வாழ்பவர்க்கு மட்டும் உரியதன்று.

முடிவுரை

இக்காட்டின் கதையிலிருந்து நாம் கொள்ளத்தக்க பாடம் ஒன்றே. ஓர் ஒழுங்கைத் தாங்கி நிற்பவற்றுட் பல நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. கடுங்குளிரை அங்கு வாழ்ந்தோர் துன்பமாகவே கருதியிருப்பர்; அது குறைந்தபோது மகிழ்ந்தவரும் இருந்திருப்பர். அக்குளிரே காட்டையும் ஆலையையும் ஊரையும் காத்தது என்பது அது நீங்கிய பின்னரே தெரிந்தது. தீயை அணைத்தோர் நன்மையே நாடினர். நன்னோக்கம் மட்டும் அறிவுக்கு ஈடாகாது என்பதும் பின்னரே தெரிந்தது.

‘மீஸான்’ என்னும் சொல் நம் இல்லங்களில் சிறுவரும் அறிந்தது. துலாக்கோல், சமநிலை என்பன அதன் பொருள். கடைத்தெருவில் எடைக்கல்லைக் குறைப்பவனைக் குற்றவாளி என நாம் எளிதில் உணர்கிறோம். படைப்பின் துலாக்கோலில், மூன்று பாகை அளவே ஆயினும், ஒரு தட்டைத் தாழ்த்துவதும் எடைக்குறைவேயாகும். பூமி நமக்கு அமானிதமாக ஒப்படைக்கப்பட்டது என்று மேடைதோறும் கூறுகிறோம். அமானிதத்தைப் பெற்றவன் அதனை முதலில் அறிந்துகொள்ளல் வேண்டும்; எதனால் அது நிலைபெறுகிறது என்று ஆராய்தல் வேண்டும். அறியாமற் காப்பது அரிது.

மாணவர்கள் இனி முதற்பொருளைப் படிக்கும்போது பொழுது என்ற சொல்லிற் சற்றே நிற்பார்களாக. நிலத்தைக் காப்பதற்கு வேலி இடலாம், சட்டம் இயற்றலாம். பொழுதைக் காப்பதற்கு வேலியில்லை. நம் வாழ்க்கைமுறை ஒன்றே அதற்கு வேலியாகும்.